பெரிய பேருக்கு ஆசைப்பட்டு ஏழு வாரம் போச்சு

சுங்கை சிப்புட்டில் காலை ரயில் பிடித்து கோலாலம்பூர் போய்ச் சேர்ந்தால், ஆய்வில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்ன பேராசிரியர் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்விட்டாராம். அந்தத் தேதியை எனக்கு மின்னஞ்சலில் எழுதியதே அவர்தான். அச்செடுத்து வைத்திருந்த தாளை நீட்டினேன். முன்னறையில் இருந்த அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அடுத்த மாதம் வரச் சொன்னார். டிக்கெட், எல்.ஆர்.டி., மதியச் சாப்பாடு என்று 100 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் செலவு. அப்பா செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறவர். அவருக்கு அது ஒரு நாள் சம்பளத்துக்கும் அதிகம்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். கடைசிப் பருவத் தேர்வு எழுதிவிட்டு, அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் ஒதுக்கும் யு.பி.யு. முடிவுக்குக் காத்திருந்த நேரம். மருத்துவம்தான் என் முதல் தெரிவு. சும்மா இருக்க வேண்டாமே என்று, ஆய்வில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி 16 ஆய்வாளர்களுக்கு எழுதினேன், இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் இந்தப் பேராசிரியர். இணையத்தில் பேரைத் தட்டினால் கட்டுரைகள் பக்கம் பக்கமாக வரும். மற்றவர் ஈப்போவில் கொசு ஆராய்ச்சி செய்யும் இளம் விரிவுரையாளர். "பெரிய டாக்டர் பேரு இருந்தா நாளைக்கு உனக்குத்தாம்மா மதிப்பு" என்றார் அப்பா. எனக்கும் அதே நினைப்புதான்.

உண்மையில் எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்கு யு.பி.யு. மெரிட் என்கிற தகுதிப் புள்ளியில் தேர்வுக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10. ஆய்வு செய்தேன் என்பதற்குத் தனிப் புள்ளி எதுவும் இல்லை. மருத்துவப் படிப்புக்கான நேர்காணலில் பேச சொந்தச் சரக்கு வேண்டுமே, அதற்காகத்தான் இந்தப் பாடு.

இரண்டாவது பயணத்தில் பேராசிரியர் பத்து நிமிடம் அன்பாகப் பேசிவிட்டு, என்னை உதவியாளரிடம் ஒப்படைத்தார். அரசு மருத்துவமனை ஒன்றில் நீரிழிவு நோயாளிகளின் பதிவுகளைப் பார்க்கும் ஆய்வு. சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் ஆய்வு செய்வதென்றால் என்.எம்.ஆர்.ஆர். என்கிற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். இரண்டும் கையில் இருந்தன. ஆய்வாளர் பட்டியலில் என் பேர்தான் இல்லை. பதிவறை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். பேரைச் சேர்க்கத் திருத்த விண்ணப்பம் போட வேண்டுமாம். யார் போடுவது? உதவியாளர் பேராசிரியரைக் கேட்கச் சொன்னார், பேராசிரியர் உதவியாளரைக் கேட்கச் சொன்னார். அதுவரை குப்பிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அங்கே முதுகலை படிக்கும் ஒரு அக்காவோடு ஒருநாள் கேண்டீனில் தே ஓ ஐஸ் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, அவரே அந்த வருடம் பேராசிரியரை நேரில் பார்த்தது மூன்று தடவைதான். இதை முதல் வாரமே அவரிடம் கேட்டிருக்க வேண்டும். நீங்களாவது கேளுங்கள். வழிகாட்டியைப் பற்றி வழிகாட்டியிடமே கேட்டு என்ன தெரியப்போகிறது? அவரிடம் இருக்கும் மாணவரைப் பிடித்து, கடைசியாக எப்போது உட்கார்ந்து பேசினார் என்று கேளுங்கள். நோயாளி சம்பந்தப்பட்ட ஆய்வு என்றால், அனுமதித் தாளில் உங்கள் பேர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

ஏழாவது வாரம் நன்றி சொல்லி விலகிவிட்டு, கூச்சத்தோடு ஈப்போக்காரருக்கு மறுபடி எழுதினேன். அன்று மாலையே பதில். போன முதல் நாளே நுண்ணோக்கியில் உட்கார வைத்தார். கொசுப் புழுவின் எட்டாவது வயிற்றுக் கண்டத்தில் சீப்புப் பல் மாதிரி ஒரு வரிசை இருக்கும். ஒவ்வொரு பல்லுக்கும் பக்கவாட்டில் முள் இருந்தால் ஏடிஸ் எகிப்தி. ஒற்றை முள்ளாக இருந்தால் ஏடிஸ் அல்போபிக்டஸ். இரண்டுமே டெங்கி பரப்பும் கொசுக்கள். அரை மணி நேரம் எல்லாமே ஒன்று போலத் தெரிந்தன. அப்புறம் திடீரென்று பிடிபட்டது.

கட்டுரையில் பேர் வருமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். புழு மட்டும் சேகரித்தால் நன்றியுரையில் வரும், கணக்குப் போட்டு எழுதவும் செய்தால் ஆசிரியர் வரிசையில் வரும் என்று பளிச்சென்று சொன்னார். இதையும் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

எங்கள் தோட்டத்து லயத்திலேயே, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலேயே, கொசு முட்டைப் பொறி வைக்கலாம் என்றார். கறுப்பு டப்பா, கொஞ்சம் தண்ணீர், முட்டையிட ஒரு அட்டைத் துண்டு, அவ்வளவுதான். நிர்வாகியிடம் அனுமதி வாங்கப் பயந்துகொண்டு போனேன். தோட்ட அலுவலகக் கிராணி (எழுத்தர்) அங்கிள் கடிதத்தைப் படித்துவிட்டு, அதில் தோட்டத்துப் பிரிவின் பெயர் தப்பு என்று அங்கேயே சொல்லிவிட்டார். இன்னொரு நடை மிச்சம்.

40 பொறி வைத்தேன். ஐந்து நாள் கழித்துப் போனால் 27தான் இருந்தது. சிலவற்றை நாய் தள்ளியிருந்தது, சிலவற்றில் மழைத் தண்ணீர் வழிந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி நான்கைத் தானே கவிழ்த்துக் காய வைத்திருந்தார். "சுகாதார ஆளுங்க வந்து பார்த்தா 500 வெள்ளி சம்மன், நீயா கட்டுவ?" அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. புழு வளர விட்டால் அபராதம் போட 1975-இலிருந்தே சட்டம் உண்டு. நான்தான் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வைத்திருக்க வேண்டும். மறுவாரம் ஒவ்வொரு டப்பாவிலும் பல்கலைக்கழகத்தின் பெயர், எடுக்கும் தேதி எல்லாம் எழுதி ஒட்டினேன். பாட்டிக்குத் தனியாக உட்கார்ந்து விளக்கினேன்.

இப்போது தேதிக்கு முதல் நாளே அவரிடமிருந்து போன் வந்துவிடுகிறது. "உன் புழு நெளியுது, வந்து எடுத்துட்டுப் போ!"