பூட்டிய வீடுகளின் கணக்கு

செட்டிநாட்டில் ஒரு நகர உள்ளாட்சியின் துப்புரவு ஆய்வாளராக நான் பார்க்கும் வேலையில் பெரும்பகுதி, தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் எவரும் பார்ப்பதுதான். விடியும் முன்பே தூய்மைப் பணியாளர்களின் வருகைப் பதிவு, அதன் பிறகு குப்பை வண்டிகள், அடைத்துக்கொண்ட கால்வாய், தெருவின் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது வந்து சேர்கிறதா என்ற சோதனை, 2019ஆம் ஆண்டு தொடக்கத்தில் தடை செய்யப்பட்டும் கடைகளில் தலைகாட்டிக்கொண்டே இருக்கும் பிளாஸ்டிக் பைகள், பிறப்பு இறப்புப் பதிவு என்று நாள் ஓடிவிடும். உணவு மாதிரி எடுக்கும் அதிகாரம் 2011இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதே தனி அலுவலர்களிடம் போய்விட்டது; ஆனாலும் எங்கள் வண்டியைக் கண்டால் முதல் காரியமாக எண்ணெய்ச் சட்டியை மறைக்கும் மெஸ்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, இந்த வட்டாரத்துக்கென்றே அமைந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் இங்கே எழுத நினைக்கிறேன். ஆள் குடியிருக்காத வீடுகளில் கொசுப்புழு தேடுவதுதான் அந்த வேலை.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் போன்ற ஊர்களின் பழைய தெருக்களில் நடந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் செய்து சேர்த்த பணத்தில் எழுப்பிய வீடுகள், முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கின்றன. நடுவில் வளவு, முற்றம், அதைச் சுற்றி அறைகள், அதற்கப்பால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி, கிணற்றடி. கட்டியவர்களின் பேரன்மாரும் கொள்ளுப்பேரன்மாரும் சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஒரு வீடு என்பது ஒரு குடும்பத்தின் சொத்தாகவும் இருப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பங்காளிகள் பெருகி, புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு என்று ஆகிவிட்ட வீடுகள் ஏராளம். பொது வாசலின் சாவி ஒருவரிடம் இருக்கும். மேல்மாடிக்கு ஏறும் படிக்கட்டின் சாவி வேறொருவரிடம் இருக்கும். அவர் கோயம்புத்தூரில் இருப்பார். இப்படிப்பட்ட வீட்டின் மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறது என்றால் அறிவிப்பை யார் பெயரில் அனுப்புவது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. சொத்துவரி ரசீதில் உள்ள பெயருக்கு உரியவர் பெரும்பாலும் காலமாகி நெடுநாள் ஆகியிருக்கும்.

சென்னையில் இருக்கும் ஓர் ஆச்சியிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டபோது, "அங்க மனுசரே இல்லையே தம்பி, கொசு யாரைக் கடிக்கிறதுக்காக அங்க வளரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதிக தூரம் பறப்பதில்லை. பிறந்த இடத்திலிருந்து நூறு இருநூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் அதன் வாழ்நாள் முடிந்துவிடும். அந்த நூறு மீட்டருக்குள் தெருக்கோடிப் பெட்டிக்கடையும் பால்வாடியும் வாடகைக் குடித்தனங்களும் இருக்கின்றன. பூட்டிய வீட்டில் பிறக்கும் கொசு பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிக்கிறது. காய்ச்சல் வந்த வீட்டில் நாங்கள் அண்டா, குடம், தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தும் ஒரு புழுவும் கிடைப்பதில்லை. இந்த விளக்கத்தைக் கேட்ட பிறகு அந்த ஆச்சி, பொறுப்பாளரிடம் சாவியைக் கொடுத்துவிடச் சொல்லி அன்றைக்கே பேசிவிட்டார்.

பொதுமக்கள் டெங்கு என்றாலே சாக்கடையைத்தான் காட்டுகிறார்கள். சாக்கடையில் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசு. அது இரவில் வந்து தூக்கத்தைக் கெடுக்கும், யானைக்கால் நோயையும் பரப்பும், ஆனால் டெங்குவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஏடிஸ் பகலில் கடிப்பது. தெளிந்த தண்ணீரை, அதுவும் கல், மண், சிமெண்ட், பிளாஸ்டிக் என்று ஏதோ ஒரு கலத்தில் நிற்கும் தண்ணீரை நாடுவது. அது முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் காய்ந்த சுவரில் மாதக்கணக்காகக் கெடாமல் இருக்கும். மறுபடியும் தண்ணீர் ஏறித் தொட்டவுடன் பொரிக்கும். பொரித்த புழு நம் ஊர் வெக்கையில் ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். அதனால்தான் தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

பூட்டிய வீட்டுக்குள் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களை ஒருமுறை அழைத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். முற்றம் நான்கு பக்கமும் ஓட்டுக்கூரை சரிந்திறங்கும் திறந்தவெளி. பெய்த மழை அத்தனையும் அங்கேதான் விழும். ஒரு காலத்தில் அந்த மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துப் புழங்கினார்கள்; மிஞ்சியது கல் மடை வழியே வெளியேறிற்று. இப்போது மடையின் வாயில் சருகும் புறா எச்சமும் உடைந்த ஓட்டுச் சில்லும் அடைத்திருக்க, தளத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்கும். கூரை விளிம்பில் ஓடும் தகரத் தூம்புகளில் ஆலங்கன்று முளைத்து, அதன் வேருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும். மூன்றாம் கட்டில் ஆட்டுக்கல்லும் உரலும் வானம் பார்த்துக் கிடக்கும். ஒரே ஒரு கோடைமழைக்கு அவற்றின் குழிகள் நிரம்பிவிடும். கல்தொட்டி, மாட்டுக்குத் தண்ணீர் வைத்த சிமெண்ட் தொட்டி, மூடி பறந்துபோன மாடித் தொட்டி எல்லாம் இதே வகைதான்.

இவற்றைக்கூட வெளியிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். யாருக்கும் நினைவுக்கே வராத இடம், அண்மைக் காலத்தில் வசதிக்காகக் கட்டிய கழிப்பறை. புழங்காத பீங்கானின் வளைவில் நிற்கும் தண்ணீரும், மேலே உள்ள தொட்டியில் நிற்கும் தண்ணீரும், மழையே பெய்யாத மாதத்திலும் புழு வளர்க்கும். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் வாலை அடித்துக்கொண்டு அடியில் போய் ஒளிந்துகொள்ளும் என்பதால், டார்ச்சை அடித்துவிட்டு அவை மூச்செடுக்க மேலே வரும்வரை சற்று நேரம் அசையாமல் காத்திருக்க வேண்டும். அவசரமாக எட்டிப் பார்த்துவிட்டுப் புழு இல்லை என்று எழுதுவது மிக எளிது.

சட்டத்தில் எங்களுக்கு அதிகாரம் இல்லாமல் இல்லை. 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், மதராஸ் மாகாணத்தில் இயற்றப்பட்டு இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருப்பது, கொசு உற்பத்திக்கு இடம் கொடுப்பதைத் தடுக்கத் தனியாக விதிகளைக் கொண்டிருக்கிறது; அறிவிப்புக் கொடுக்கவும், உள்ளே சென்று பார்க்கவும், தேவைப்பட்டால் நாங்களே சரிசெய்துவிட்டுச் செலவை வசூலிக்கவும் வழி உண்டு. ஆனால் இந்த ஊரில் பூட்டை உடைத்து உள்ளே போக எனக்குத் துணிவும் இல்லை, விருப்பமும் இல்லை. தேக்குத் தூண்களும் பெல்ஜியம் கண்ணாடியும் உள்ள வீட்டில் நாளை ஒரு பொருள் காணாமல் போனால் முதல் சந்தேகம் எங்கள் பணியாளர் மீதுதான் விழும். அவர்கள் தினக்கூலிக்கு வேலை செய்யும் பெண்கள். அந்தப் பழியிலிருந்து அவர்களைக் காப்பாற்ற எந்தச் சட்டப் பிரிவும் வராது. ஆகவே உள்ளே போவதென்றால் சாவிக்காரர் முன்னிலையில்தான், செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டுத்தான், சாமி அறைப் பக்கம் போகாமல்தான் என்பது எங்களுக்குள் எழுதாத விதி.

எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற அறிவு அந்தப் பெண்களிடம் இருப்பதுபோல் எந்த அலுவலகப் பதிவேட்டிலும் இல்லை. "மூணாவது வீட்டுச் சாவி பூ விக்கிற அக்காகிட்ட இருக்கு சார், நாலு மணிக்கு மேலதான் வருவாங்க" என்று நடந்துகொண்டே சொல்வார்கள். அவர்களுள் ஒருவர் வேலையை விட்டு நின்றால் ஒரு தெருவின் கதவுகள் எல்லாம் எங்களுக்கு மூடிப்போகும். இந்த அறிவுக்கு ஊதியப் பட்டியலில் இடம் இல்லாததை நிர்வாகக் குறையென்றே நான் சொல்வேன்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த கணக்குக்கு வருகிறேன். கொசுப்புழு நிலவரத்தை மேலிடத்துக்கு வீட்டுக் குறியீடு என்ற எண்ணாக அனுப்புகிறோம். பார்வையிட்ட நூறு வீடுகளில் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்பதுதான் அது. ஒரு தெருவில் நூறு வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் 45 பூட்டியவை. திறந்திருந்த 55 வீடுகளில் ஒன்றில் மட்டும் புழு கிடைத்தது. குறியீடு இரண்டுக்கும் கீழே வரும். அறிக்கையைப் படிப்பவர் அந்தத் தெருவைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். பூட்டிய 45 வீடுகளில் ஒன்பதில் புழு இருந்திருந்தால், எல்லா வீட்டையும் பார்த்த நிலையில் அதே குறியீடு பத்தைத் தொட்டிருக்கும். இந்தக் குறியீடு ஐந்துக்கு மேல் போனாலே டெங்கு பரவும் ஆபத்து அதிகம் என்று பொதுவாகக் கருதுகிறார்கள். எந்த வீடு எங்கள் கண்ணுக்குப் படவில்லையோ அந்த வீடு வகுக்கும் எண்ணிலும் சேர்வதில்லை, வகுபடும் எண்ணிலும் சேர்வதில்லை. குடித்தனம் நிறைந்த ஊர்களுக்காக வகுத்த இந்த முறை அங்கே தவறில்லாமல் இருக்கலாம். தெருவில் பாதி பூட்டிக் கிடக்கும் ஊரில் அது நிம்மதியை மட்டுமே உற்பத்தி செய்கிறது. இதனால் குறியீட்டோடு சேர்த்துப் பூட்டிய வீடுகளின் எண்ணிக்கையையும், அவற்றுள் எத்தனையைச் சாவி வாங்கித் திறந்து பார்த்தோம் என்பதையும் நான் குறிப்பு என்ற பத்தியில் எழுதி அனுப்புகிறேன். படிவத்தில் அதற்கென்று தனிக் கட்டம் வேண்டும் என்று கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்பதே இதுவரை கிடைத்த விடை.

காய்ச்சல் பரவத் தொடங்கியதும் எங்கும் எழும் குரல், புகை அடியுங்கள் என்பதுதான். புகை, அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவைக் கொல்லும். காய்ச்சல் கண்ட இடத்தைச் சுற்றி அடிப்பதில் பயனும் உண்டு. கூட்டிக் கட்டிய மதில்களுக்கு உள்ளே, மூன்றாம் கட்டின் உரல் குழியில் நீந்தும் புழுவை அது தொடுவதில்லை. ஆனாலும் சத்தமும் வெண்புகையுமாக இயந்திரம் தெருவில் போனால் அலுவலகம் வேலை செய்கிறது என்று எல்லோரும் நம்புகிறார்கள். சாவிக்காரரைத் தேடி மதியம் முழுவதும் அலைந்த பெண் பணியாளரை யாரும் புகைப்படம் எடுப்பதில்லை.

பூட்டிய வீட்டுக் கிணறுகள் எங்களுக்கு அவ்வளவு தொல்லை தருவதில்லை. கம்பூசியா மீனைக் கொண்டுவந்து விட்டுவிட்டால், யாரும் தீனி போடாமலேயே அது புழுவைத் தின்று பெருகிக்கொள்ளும். வீட்டுக்குள் இருப்பவற்றைவிட, வீட்டிலிருந்து வெளியேறியவை சில சமயம் அதிகத் தொல்லை. காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் பெயர்பெற்றவை. இடித்த வீடுகளின் ஊறுகாய் ஜாடிகள், இரும்புக் கொப்பரைகள், எனாமல் அடுக்குகள், மரக்கதவுகள் எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன. மழைக்காலத்தில் திறந்தவெளியில் அடுக்கிய ஜாடிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்ப்பது, விலை தெரிந்தவனுக்குக் கை நடுங்கும் வேலை. கடைக்காரர்கள் எங்களை விரும்பாவிட்டாலும், கவிழ்த்து வைத்தால் பொருளும் அழுக்காகாது என்று தெரிந்த பிறகு பலர் கவிழ்த்தே அடுக்குகிறார்கள்.

ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் கல்யாணத்துக்கும் முன்னோரை வழிபடும் படைப்புக்கும் திறக்கின்றன. ஒருவகையில் நாங்கள் காத்திருக்கும் நாள் அதுதான், ஏனென்றால் எல்லாப் பங்காளிகளும் எல்லாச் சாவிகளும் அன்று ஒரே இடத்தில் இருக்கும். வெகுநாள் காய்ந்து கிடந்த தொட்டிகளைப் பந்திக்காகவும் பாத்திரம் கழுவவும் லாரித் தண்ணீரால் நிரப்புவார்கள். சுவரில் ஒட்டிக் காத்திருந்த முட்டைகள் பொரிப்பதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. விருந்தாளிகள் மூன்று நான்கு நாளில் புறப்பட்டுவிடுவார்கள். மிச்சத் தண்ணீரோடு தொட்டிகளை அப்படியே விட்டுவிட்டு வீட்டைப் பூட்டுவார்கள். புழுக்கள் கொசுவாகும்போது வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். எனவே கல்யாணப் பத்திரிகை கையில் கிடைத்ததும் நான் முகூர்த்த நாளோடு, வீடு பூட்டும் நாளையும் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன்.

அன்று போய்க் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. தொட்டிகளைத் திறந்துவிட்டுத் தேய்த்துக் கவிழ்க்க வேண்டும். கவிழ்க்க முடியாத தொட்டியில் நாங்கள் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் அபேட் மருந்து விடுகிறோம். நகர்த்த முடியாத உரலின் குழியை மணலால் நிரப்பிவிட்டால் அது காலத்துக்கும் தீர்ந்தது. கழிப்பறைத் தொட்டியை வடித்துவிட்டு, பீங்கானின் வாயைக் கனமான பாலித்தீன் தாளால் மூடி ஒட்ட வேண்டும். கழிவுத்தொட்டியின் காற்றுக் குழாய்க்கு வலை கட்ட வேண்டும். முற்றத்து மடையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி அது போகிறதா என்று பார்க்க வேண்டும். ஐப்பசி அடைமழைக்கு முன்பாக ஒருமுறை தூம்பில் உள்ள சருகை அள்ள ஓர் ஆளுக்குக் கூலி கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கடைசியாக, சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அவருடைய தொலைபேசி எண்ணையும் எங்கள் பணியாளரின் குறிப்பேட்டில் எழுதித் தர வேண்டும். மற்றவை எல்லாவற்றையும் உடனே ஒப்புக்கொள்பவர்கள்கூட இந்தக் கடைசி வேண்டுகோளுக்குச் சற்றுத் தயங்குகிறார்கள். பங்காளிகளிடம் கலந்துகொண்டு சொல்கிறோம் என்கிறார்கள். சிலர் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு எண்ணை அனுப்பிவைக்கிறார்கள், மற்ற வீடுகளுக்கு நாங்கள் பூக்கார அக்காவைத்தான் நம்பியிருக்கிறோம்.