மைக்குக்கு இந்தப் பக்கம்

டிசம்பர் 3

மயிலாப்பூரில் கச்சேரி நடத்தும் ஒரு சபாவின் செயலாளரைப் பார்த்துவிட்டு வந்தேன். நான் கச்சேரி பிடித்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் பாட்டுக்காரப் பெண்ணுக்குப் பகல் பன்னிரண்டு மணி ஸ்லாட். டிக்கெட் கிடையாது, சம்பாவனை என்கிற சன்மானமும் பெயருக்குத்தான். "நாலு மணி ஆகாதா சார்?" என்றேன். "இந்த வருஷம் கேட்க ஆளைக் கொண்டாந்து காட்டுங்கம்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம்." பாட்டைக் காட்டச் சொல்லவில்லை, கவனியுங்கள். பகல் ஸ்லாட்டிலிருந்து பெரிய பாடகர்களின் சாயங்கால ஸ்லாட்டுக்கு நகர்வதற்குள் சிலருக்கு நரையே விழுந்துவிடுகிறது.

டிசம்பர் 5

ஆட்டோவில் அந்தப் பெண் கேட்டாள்: "அக்கா, நீங்க எப்படி இந்த வேலைக்கு வந்தீங்க?"

தொண்ணூறுகளில் ஒரு கேசட் கம்பெனி. பாண்டி பஜார் கடைகளுக்குப் பையில் கேசட்டைத் தூக்கிக்கொண்டு போவது, பத்திரிகை ஆபீஸ்களில் விமர்சனத்துக்குக் கொடுப்பது, உறையில் ராகம், தாளம், இயற்றியவர் பெயருக்குப் பிழை திருத்துவது. ஒரு ராகம் மாறி அச்சானால் போதும், மாம்பலத்து மாமிகள் போன் போட்டுவிடுவார்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம்தான். தோடி ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனை அதற்கெல்லாம் அடங்குமா? வெட்டித்தான் ஆக வேண்டும். "எங்கேம்மா கத்திரி போட்டே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். காட்டினேன். கண்ணை மூடி இரண்டு தடவை கேட்டுவிட்டு, "சரி, மூச்சு விடற இடம்தான்" என்றார். எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது.

அப்புறம் எஃப்.எம். வந்தது, விளம்பரம் பிடிக்கப் போனேன். அப்புறம் டிவி, கல்யாண மெல்லிசைக் குழுக்களுக்கு புக்கிங். கேசட் கடைகள் செல்போன் கடைகளாகிவிட்டன.

டிசம்பர் 10

சினிமாப் பாட்டு நிகழ்ச்சி ஒன்றுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறேன், திறந்த மைதானம். சோறு போடுவது இதுதான். டிக்கெட் ஐநூறு ரூபாய்க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. இல்லை, தாண்டினால் 18 சதவீதம். அதனால்தான் கடைசி வரிசை எப்போதும் 499. பாட்டு உரிமைக்கு, பாட்டெழுதியவர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் கட்டணம் வாங்கும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தின் லைசென்ஸ், போலீஸ் அனுமதி, ஃபயர் சர்வீஸ். ராத்திரி 10 மணிக்கு ஸ்பீக்கர் ஓய வேண்டும். பாடகர் மேடை ஏறுவதே எட்டரைக்கு என்றால் நான் கையில் வாட்சோடு நிற்காமல் என்ன செய்வது?

டிசம்பர் 14

முப்பது விநாடி ரீல்ஸ் ஒன்று போட்டோம், மேல்ஸ்தாயி ஸ்வரம். நல்லாப் போகிறது. அந்தப் பெண்ணுக்கு சந்தோஷம். எனக்கென்னவோ, லைக் போட்ட கட்டைவிரல் எதுவும் பகல் பன்னிரண்டு மணிக்கு பஸ் ஏறி வராது என்றுதான் படுகிறது.

டிசம்பர் 19

கச்சேரி முடிந்தது. பாதி ஹால். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் வழக்கம்போல ஒரு கூட்டம் கேன்டீனுக்கு எழுந்து போனது. மிருதங்கத் தம்பி அதைப் பார்க்காத மாதிரி வாசித்தான். முன் வரிசையில் ஒரு தாத்தா நீளமான டைரியில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டே இருந்தார். ரீதிகௌளை ராகம் வந்ததும் பேனாவை மூடிவிட்டார்.

வெளியே வரும்போது என்னைப் பிடித்தார். "அடுத்தது எங்கம்மா பாடறா?"

தி.நகரில், 27ஆம் தேதி, ரெண்டு மணிக்கு என்றேன். எழுதிக்கொண்டார். பின்னால் நின்ற மாமி எட்டிப் பார்த்து அவர் டைரியிலிருந்தே காப்பி அடித்தாள். செயலாளர் வந்து "எத்தனை பேர் தேறும்?" என்றார். அந்த ரெண்டு பேரையும் காட்டினேன். அவர் வீடியோகாரரின் பில்லை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.