வருகையின் நோக்கம்

நூலகர்கள் கருத்தரங்கில் கேட்டுவந்த யோசனை நல்ல யோசனைதான். இன்றைக்கும் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். எங்கள் கல்லூரி நூலக வாசலில் கையெழுத்து நோட்டுக்குப் பதிலாக ஒரு கணினி. அடையாள அட்டையில் உள்ள பார்கோடைக் காட்டினால் யார் வந்தார், எப்போது வந்தார், எப்போது போனார் என்று தானாகவே பதிவாகிவிடும். நோட்டு இருந்த காலத்தில் முதலில் வருகிறவர் நேரம் எழுதுவார், பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டுவிட்டுப் போவார்கள். அதை வைத்துக்கொண்டு, கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு கொடுக்கும் நாக் குழுவுக்குக் கணக்குக் காட்டியவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். நாளொன்றுக்கு எத்தனை ஆசிரியர், எத்தனை மாணவர் நூலகத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று அந்தக் குழுவினர் தனியாகவே கேட்கிறார்கள்.

அந்தக் கருத்தரங்கில் இருந்து வேறு சிலவும் கொண்டுவந்தேன். மின்நூல்களை இணையத்தில் படிக்கத் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் மாணவர்களுக்கும் லாகின் வாங்கிக் கொடுத்தோம். பாஸ்வேர்டை மறப்பதைத் தவிர அதில் சிக்கல் இல்லை. மாதா மாதம் ‘சிறந்த வாசகர்’ என்று ஒருவர் பெயரைப் பலகையில் போடுவதும் அங்கே கேட்டதுதான். யார் அதிக நேரம் உள்ளே இருந்தார்கள் என்று மென்பொருளே வரிசைப்படுத்தித் தந்துவிடும்.

முதல் மாதமே அந்தப் பெண் வந்து நின்றாள். “சார், போர்டுல எம் பேரு வேண்டாம்.”

“ஏன்மா, நல்ல விஷயம்தானே?”

“நான் படிக்கதுக்கு வரல்ல சார். எங்க ஊருக்கு பஸ் அஞ்சே முக்காலுக்குத்தான்.”

பேச்சிப்பாறைக்கும் மேலே, மலையோரத்து ஊர். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அதை விட்டால் குலசேகரம் வரைக்கும் போய் அங்கிருந்து ஆட்டோதான். இதெல்லாம் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் புதிதில்லை. “அதனாலென்ன, இருந்தது இங்கதானே?” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டுச் சொன்னாள்: “கேன்டீன்லயும் இருக்கலாம் சார். அங்க வீட்டுக்குப் போகல்லியான்னு ஆளாளுக்குக் கேப்பாங்க. இங்க ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க, அதான். இப்ப வாசல்ல கேக்குது.”

வாசலில் கேட்பது உண்மைதான். அட்டையைக் காட்டியதும் திரையில் ஒரு கட்டம் வரும்: வருகையின் நோக்கம். படித்தல், நூல் எடுத்தல், நாளிதழ், இணையம். நான்கில் ஒன்றை அழுத்தினால்தான் பதிவாகும். தினமும் ‘படித்தல்’ என்று அழுத்தியிருக்கிறாள். அது பலகையில் பெயராக வந்து நின்றதும் பொய் சொல்லிப் பரிசு வாங்கியதுபோல் ஆகிவிட்டது அவளுக்கு.

பெயரை எடுத்துவிட்டேன். அடுத்த இடத்தில் இருந்த பையன் பெயரைப் போட்டேன். அவன் பெற்றோரைக் கூட்டிவந்து பலகையைக் காட்டினான்! ஆக, யோசனையில் தப்பில்லை.

ஆனாலும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. அவளிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. முன்பு நூலகத்தை ஐந்து மணிக்கே பூட்டிவிடுவோம். நான்கு மணிக்கு மேலும் மேசைகள் நிறைந்திருக்கின்றன என்று இந்தப் பதிவை வைத்துத்தான் முதல்வரிடம் காட்டி, ஆறு மணி வரை திறந்துவைக்க அனுமதி வாங்கினேன். அந்த எண்ணிக்கைக்குள் அவளும் இருக்கிறாள். எண்ணாமல் விட்டிருந்தால் ஐந்து மணிக்குப் பிறகு அவள் நிழற்குடை இல்லாத அந்த நிறுத்தத்தில், ஐப்பசி மழையில் நின்றிருப்பாள். இதைச் சொல்லியிருந்தால் சமாதானமாகியிருப்பாளா? நான் அவளுக்கு நல்லது செய்ததாகச் சொல்லிக்கொள்வதுபோல் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அதுவும் சரியா, தெரியவில்லை.

இன்னொன்று. நூலகவியல் அறிஞர், சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளை மனப்பாடம் செய்துதான் நாம் எல்லோரும் இந்த வேலைக்கு வந்தோம். நான்காவது விதி, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. நாங்களோ அதிக நேரம் செலவழித்தவருக்குப் பாராட்டு கொடுக்கிறோம். மூன்று மணி நேரம் உள்ளே இருந்த பையன் வேண்டிய புத்தகம் கிடைக்காமல் அடுக்கடுக்காகத் தேடிக்கொண்டிருந்திருக்கலாம். கருத்தரங்கில் யார் அதிக நேரம் இருந்தார்கள் என்று வரைபடம் போட்டுக் காட்டியபோது யாரும் இதைக் கேட்கவில்லை. நானும் கைதட்டினேன். ஆனால் அதே ரங்கநாதன், ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்ற முதல் விதியை விளக்கும்போது நூலகம் எங்கே இருக்க வேண்டும், எந்நேரம் திறந்திருக்க வேண்டும், மேசை நாற்காலி எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் பேசுகிறார். அப்படியானால் நாற்காலிக்காக வருகிறவளும் கணக்கில் உண்டு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லலாம்.

அப்புறம் அந்தக் கட்டத்தில் ஐந்தாவதாக ‘பிற’ என்று ஒன்றைச் சேர்த்தேன். காரணம் சொல்ல விரும்பாதவர்கள் அதை அழுத்திக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். கவுன்டரில் இருக்கும் அக்கா அப்போதே சொன்னார்: “சாரே, இனி எல்லாவனும் அதத்தான் அமுக்குவான், பாத்துக்கோங்க.” அப்படியே நடந்தது. ஆசிரியர்கள்கூட அதைத்தான் அழுத்துகிறார்கள். அவள் மட்டும் மாறவில்லை. பதிவை எடுத்துப் பார்த்தேன், இப்போதும் ‘படித்தல்’தான். பொய்யென்று அவளே சொன்னதை ஏன் இன்னும் அழுத்துகிறாள்? ஒருவேளை இப்போது படிக்கவே செய்கிறாளோ என்னவோ. கேட்கலாம்தான். யாரும் கேட்க மாட்டார்கள் என்று வந்தவளிடம் போய் எப்படிக் கேட்பது? கேட்காமலே பதிவைத் திறந்து பார்த்துக்கொள்ள முடிகிறது என்பதும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

இந்த அரையாண்டு அறிக்கையில் ‘பிற’தான் எல்லாவற்றையும்விட உயரமாக நிற்கிறது. கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் உள்குழுவான ஐ.க்யூ.ஏ.சி.யின் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டு, “இது என்ன சார் பிற? இத்தனை பேர் உள்ள என்னதான் செய்றாங்க?” என்றார்.

“உட்கார்ந்திருக்காங்க சார்.”

“உட்கார்ந்து?”

“சில பேர் பஸ்ஸுக்குக் காத்திருக்காங்க.”

“அத எழுத முடியாதே. பேசாம படித்தலோட சேர்த்துருங்க.”

சேர்ப்பது பெரிய வேலையில்லை. திங்கட்கிழமைக்குள் வேண்டுமாம்.