பிள்ளையின் முதல் ரேட்டிங் போட்டி: உறுப்பினர் பதிவு, ஃபிடே ஐடி, வயதுப் பிரிவு

“பிள்ளைக்கு ஆறு வயசுதான் ஆகுது, ரேட்டிங் போட்டியில சேர்க்கலாமா?” சமூக மன்ற செஸ் வகுப்புகளுக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோர் அதிகம் கேட்பது இதுதான். ரேட்டிங் என்பது ஆட்டத் திறனைக் காட்டும் எண். அதைத் தரும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே குறைந்தபட்ச வயது எதையும் வைக்கவில்லை. 2024-இல் கொல்கத்தாவைச் சேர்ந்த மூன்று வயதுச் சிறுவனுக்கே ரேட்டிங் வந்தது. ஆகவே வயது ஒரு தடையே இல்லை. சிக்கல் வருவது பதிவில்தான். அதை முதல் சுற்றுக்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும்.

உறுப்பினர் பதிவும் ஃபிடே ஐடியும் ஒன்றல்ல. உறுப்பினர் பதிவு என்பது நாட்டின் சதுரங்க அமைப்பில் சேர்வது. அதற்குக் காலாவதி உண்டு, புதுப்பிக்க வேண்டும். ஃபிடே ஐடி ஆயுளுக்கும் ஒரே எண். அதை ஃபிடே நேரடியாகப் பெற்றோருக்குத் தருவதில்லை. நாட்டு அமைப்பு வழியாகத்தான் வரும். இங்கே அது சிங்கப்பூர் சதுரங்கச் சம்மேளனம். போட்டி அறிவிப்பைப் படிக்கும்போது இந்த இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள்: உறுப்பினராக இருக்க வேண்டுமா, ஐடி வேண்டுமா. “ஃபிடே ரேட்டட்” என்று போட்டிருந்தால் ஐடி கட்டாயம். பள்ளி அளவிலான, ரேட்டிங் இல்லாத போட்டிகளுக்கு அது தேவையில்லை. பதிவு முடியும் நாளன்று ஐடிக்கு விண்ணப்பித்துவிட்டு, காலையில் எண் வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு வாரம் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதிகம் குழப்பம் வருவது பெயரில்தான். ஃபிடே பட்டியல் குடும்பப் பெயர், காற்புள்ளி, சொந்தப் பெயர் என்ற வரிசையை எதிர்பார்க்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இருப்பது அப்பா பெயர் அல்லது தலைப்பெழுத்து. ஃபிடே பட்டியலில் ஆனந்த் “ஆனந்த், விஸ்வநாதன்” என்று இருக்கிறார், பிரக்ஞானந்தா “பிரக்ஞானந்தா ஆர்” என்று இருக்கிறார். இரண்டுமே செல்லும். ஆனால் ஒரே பிள்ளை இரண்டு விதமாக இருக்கக் கூடாது. சிங்கப்பூர்ப் பிறப்புச் சான்றிதழில் “கவின் எஸ்/ஓ செந்தில்”, பள்ளிப் பதிவேட்டில் “கவின் செந்தில்”, இந்தியக் கடவுச்சீட்டில் “செந்தில்குமார் கவின்” என்றிருந்தால், தேடிப் பார்ப்பவருக்கு அது மூன்று பிள்ளைகள். நடுவர் பழைய ஐடியைக் கண்டுபிடிக்க முடியாமல் புதிது ஒன்று கேட்டு வாங்கிவிடுவார்.

இது எப்படி நடக்கிறது என்றால், டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் தாத்தா வீட்டுப் பக்கம் நடந்த ரேட்டிங் போட்டியில் பிள்ளையைச் சேர்த்திருப்பார்கள். இந்தியாவில் விளையாட அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பின் பதிவு வேண்டும், அதன் வழியாக ஒரு ஃபிடே ஐடியும் வந்திருக்கும். வீட்டில் யாருக்கும் அது நினைவிருக்காது. திரும்பி வந்து இங்கே புதிதாக விண்ணப்பித்தால் எண் இரண்டாகிவிடும். அங்கே ஆடிய மூன்று ஆட்டம் ஒரு கணக்கில், இங்கே ஆடிய நான்கு இன்னொரு கணக்கில். சேர்த்தால் ரேட்டிங் வந்திருக்கும். பிரிந்து கிடப்பதால் இரண்டிலும் வராது. ஆகவே விண்ணப்பிக்கும் முன் ஃபிடே ரேட்டிங் தளத்தில் பெயரை எல்லா எழுத்துக்கூட்டலிலும், முன்பின் மாற்றியும் தேடுங்கள். இரண்டு எண் இருப்பது தெரிந்தால் மறைக்க வேண்டாம். இரண்டையும் குறிப்பிட்டுச் சம்மேளனத்துக்கு எழுதி, ஒன்றாக்கித் தரும்படி கேளுங்கள்.

அடுத்தது நாட்டுக் குறியீடு. எஸ்.ஜி.பி. என்று பதிவானால் சிங்கப்பூர், ஐ.என்.டி. என்றால் இந்தியா. வேலை அனுமதியில் வந்த பெற்றோரின் பிள்ளைகள் ஐ.என்.டி. குறியீட்டோடு இங்குள்ள, யாரும் சேரக்கூடிய ஓப்பன் போட்டிகளில் ஆடலாம், ஆட்டங்களும் ரேட்டிங்குக்குச் சேரும். உலக கேடட் (சிறுவர்), ஆசிய இளையர் போன்ற போட்டிகளுக்கு நாட்டின் சார்பில் அனுப்பும்போதுதான் குறியீடு முக்கியமாகிறது. எந்தக் குறியீடோ அந்த நாட்டு அமைப்புதான் பெயர் கொடுக்க முடியும். பிறகு மாற்றுவதற்குத் தனி நடைமுறை இருக்கிறது. நிரந்தரவாசி விண்ணப்பம் போட்டிருக்கும் குடும்பங்கள் முதல் பதிவுக்கு முன்பே இதைப் பேசி முடிவெடுப்பது நல்லது.

வயதுப் பிரிவு பிறந்த ஆண்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது, பள்ளி வகுப்பை வைத்தல்ல. 2026-இல் 8 வயதுக்குட்பட்டோர் பிரிவு என்றால் 2018 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள். தொடக்கநிலை 1, 2 பிள்ளைகள் பெரும்பாலும் இதில் வந்துவிடுவார்கள். ஜனவரி 1 அன்று பிறந்த பிள்ளையின் பெற்றோர் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். இங்கே தொடக்கநிலை சேர்க்கை ஜனவரி 2 முதல் மறு ஆண்டு ஜனவரி 1 வரை பிறந்தவர்களை ஒரே வகுப்பில் சேர்க்கும். 2020 ஜனவரி 1 அன்று பிறந்த பிள்ளை 2026-இல் தொடக்கநிலை 1-இல் 2019-இல் பிறந்தவர்களோடு உட்காரும். செஸ்ஸில் 2020-இல் பிறந்த பிள்ளைதான். இளைய பிரிவில் ஆடும் தகுதி உண்டு. வகுப்புத் தோழர்கள் சேர்ந்த பிரிவிலேயே இவர்களையும் சேர்த்துவிட்டு அந்த வாய்ப்பை விடுபவர்கள் இருக்கிறார்கள்.

ரேட்டிங் எப்போது வரும்? ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். ஒரே போட்டியில்தான் என்றில்லை, 26 மாதத்துக்குள் சேர்ந்தால் போதும். எதிராளி வராமல் கிடைத்த புள்ளியும், சோடி இல்லாத சுற்றுக்குத் தரும் ‘பை’ புள்ளியும், ரேட்டிங் இல்லாத பிள்ளையோடு ஆடியதும் இதில் சேராது. சிறுவர் பிரிவில் பலருக்கு ரேட்டிங் இருக்காது என்பதால், ஏழு சுற்று ஆடியும் மூன்று ஆட்டம்தான் தேறலாம்.

2024 மார்ச் முதல் ரேட்டிங்கின் கீழ்வரம்பு 1400. முதல் ரேட்டிங் கணக்கில் 1800 ரேட்டிங் உள்ள கற்பனை எதிராளிகள் இருவரைச் சேர்த்து, அவர்களோடு டிரா செய்ததாக வைப்பார்கள். சராசரி 1500 உள்ள ஐந்து பேரோடு பிள்ளை 2 புள்ளி எடுத்தால், ஏழு பேரின் சராசரி 1586, புள்ளி ஏழுக்கு 3. பாதிக்குக் குறைவான புள்ளி என்பதால், ஃபிடே அட்டவணைப்படி ரேட்டிங் சுமார் 1536 வரும். அதே ஐந்து பேரோடு அரைப் புள்ளி மட்டும் என்றால் 1356-தான். வரம்புக்குக் கீழே போவதால் பட்டியலில் வராது. வந்த பிறகும் நிம்மதியில்லை. 18 வயது வரை, 2300-க்குக் கீழே இருக்கும்வரை, ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் கே எண் 40. சமமான ஒருவரிடம் தோற்றால் 20 புள்ளி போய்விடும். 1420-இல் இருக்கும் பிள்ளை ஒரு மோசமான வார இறுதியில் 1400-க்குக் கீழே இறங்கி, மறுபடி ரேட்டிங் இல்லாதவர் ஆகிவிடும். இது தண்டனையில்லை, கணக்கு. வீட்டில் இதை முன்பே பேசிவிடுங்கள். ஒரு போட்டியின் அத்தனை ஆட்டத்தையும் சொந்தமாகக் குறிப்பெழுதி முடிக்க முடிகிற வரை ரேட்டிங் இல்லாத போட்டிகளே போதும் என்பது எங்கள் கருத்து. நேரம் அதிகமுள்ள ஸ்டாண்டர்ட் ஆட்டத்தில் ஸ்கோர்ஷீட் (நகர்வுகளைக் குறிக்கும் தாள்) எழுதுவது கட்டாயம்.

ஆட்ட அறைக்குள் பெற்றோர் பேச முடியாது. தவறு நடந்தால் பிள்ளைதான் கிளாக்கை நிறுத்தி, கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட வேண்டும். இந்த ஒரு செயலை வீட்டில் பத்துத் தடவை செய்து பழக்குங்கள். தொட்ட காயை ஆட வேண்டும். காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) செய்யும்போது ராஜாவை முதலில், ஒரே கையால். விதிமீறிய நகர்வு முதல் தடவை என்றால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். இரண்டாவது தடவை தோல்வி. பையில் கைப்பேசி வேண்டாம், கையில் ஸ்மார்ட்வாட்ச் வேண்டாம். பள்ளிக்குக் கட்டிப் போகும் கடிகாரமாக இருந்தாலும் வாசலிலேயே கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் நடப்பதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் வென்றதும் எழுந்து ஓடப் பார்ப்பார்கள். எதிராளி எழுதிய 1-0-வைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். கறுப்புக் காயில் வென்ற பிள்ளை 1-0 என்ற தாளில் கையெழுத்திட்டால், நடுவர் வேறு முடிவு எடுத்தாலொழிய அதுதான் முடிவு. இடப்பக்கம் வெள்ளை, வலப்பக்கம் கறுப்பு, நான் வென்றால் என் பக்கம் 1: இதைச் சொல்லிப் பார்த்த பிறகே பேனா தாளைத் தொட வேண்டும்.

முதல் சுற்றுக்கு முன் தொடக்கப் பட்டியலில் பிள்ளையின் பெயருக்கு நேரே ஐடி இருக்கிறதா, நாடு சரியா, பிறந்த ஆண்டு சரியா என்று பாருங்கள். கட்டம் காலியாக இருந்தால் அப்போதே நடுவர் மேசைக்குப் போங்கள். புதிய பட்டியல் மாதந்தோறும் 1-ஆம் தேதி வரும். மாதக் கடைசியில் முடிந்த போட்டி அடுத்த பட்டியலுக்குத் தள்ளிப்போகலாம். அதிலும் ஆட்டங்கள் வரவில்லை என்றால் போட்டியின் பெயர், நாள், பிள்ளையின் ஐடி மூன்றையும் எழுதி முதலில் அமைப்பாளரிடம், பிறகு சம்மேளனத்திடம் கேளுங்கள். திருத்தம் அவர்கள் வழியாகத்தான் போகும்.