வைஃபைக்கு டிரைவர் வேண்டும், டிரைவருக்கு இணையம் வேண்டும்

பத்து ஆண்டுகளுக்கு மேல் பழையதான ஒரு மடிக்கணினியில் சென்ற மாதம் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். வீட்டில் கம்பிவழி இணைப்பு இல்லாததால், இணையம் இல்லாமலேயே மேசைச்சூழல் வரை நிறுவிக்கொள்ள உதவும் டிவிடி படிமத்தை (நிறுவல் வட்டின் நகலான ஒற்றைக் கோப்பு) பென்டிரைவில் எழுதி வைத்திருந்தேன். அதுவும் ஓராண்டுக்கு முன் இறக்கிய படிமம். திரை, ஒலி, தொடுபலகை எல்லாம் முதல் முறையிலேயே சரியாக வந்துவிட்டன. வைஃபை சின்னத்தை மட்டும் காணவில்லை.

டெபியன் 12 என்பதால் இந்தத் தொல்லை இருக்காது என்று எண்ணியிருந்தேன். வன்பொருளுக்கு வேண்டிய கட்டற்றதல்லாத (மாற்றவும் பகிரவும் முழு உரிமை தராத) ஃபர்ம்வேரையும் நிறுவல் படிமத்திலேயே சேர்ப்பது என்று 2022இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்களித்து முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் ஃபர்ம்வேர் வேறு, டிரைவர் வேறு. ஃபர்ம்வேர் சில்லுக்குள் ஏற்றப்படும் நிரல். டிரைவர், இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் ஓடி வன்பொருளோடு பேசுவது. என் சில்லுக்கு இல்லாமல் போனது இரண்டாவது.

அதைக் கண்டறிய இரண்டு கட்டளைகள் போதுமானவையாக இருந்தன. ‘ஆர்எஃப்கில்’ கட்டளை, விசைப்பலகைப் பொத்தானாலோ மென்பொருளாலோ வைஃபை அணைக்கப்படவில்லை என்று உறுதி செய்தது. ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையைக் கே என்ற தேர்வுடன் இயக்கியபோது, மற்ற எல்லாச் சாதனங்களுக்கும் கீழே எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்ற வரி இருந்தது. வைஃபை சில்லுக்குக் கீழே மட்டும் அந்த வரி இல்லை. சில்லை கர்னல் பார்க்கிறது, பேசத்தான் ஆளில்லை.

அந்தச் சில்லுக்கான டிரைவர் டெபியன் களஞ்சியத்தின் (மென்பொருள்களைத் தரும் கிடங்கு) ‘நான்-ஃப்ரீ’ என்ற கட்டற்றதல்லாத பிரிவில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி மூடிய இருமக் கோப்பு. அதைக் கர்னலோடு பொருத்தும் மெல்லிய மூலநிரல் மட்டும் திறந்திருக்கிறது. அந்த மூலநிரலை ஒவ்வொரு கர்னலுக்கும் தனித்தனியாகக் கம்பைல் செய்தாக வேண்டும், அதாவது கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். ஆக, நெட்வொர்க் சிக்கல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் ஒரு கம்பைல் சிக்கல். கம்பைல் செய்ய ஜிசிசி என்ற கம்பைலர் வேண்டும், கர்னலின் உள்ளமைப்பைச் சொல்லும் ஹெடர் கோப்புகள் வேண்டும், இந்த டிரைவர் பேக்கேஜும் வேண்டும். இவற்றை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும்.

போதாக்குறைக்கு, எதை நிறுவச் சொன்னாலும் நிறுவல் வட்டைச் செருகுமாறு டெபியனின் மென்பொருள் நிறுவியான ஆப்ட் கேட்டது. இந்தக் கணினியில் வட்டு செருகும் இடமே கிடையாது. இணையமின்றி நிறுவினால் களஞ்சியப் பட்டியலில் சிடிராம் (நிறுவல் வட்டு) வரி மட்டுமே எழுதப்படும் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அந்த வரியின் முன் ஒரு ஹேஷ் குறியை இட்டு முடக்கிவிட்டு, டெபியனின் இணையக் களஞ்சிய முகவரியை, ‘நான்-ஃப்ரீ’ பிரிவையும் சேர்த்து, கையால் எழுதினேன்.

இணையத்துக்குக் கைப்பேசி உதவியது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து டெதரிங் (இணையப் பகிர்வு) வசதியை இயக்கினால், லினக்ஸ் அதைக் கம்பிவழி நெட்வொர்க் அட்டையாகவே ஏற்றுக்கொள்ளும்; அதற்கான டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. கைப்பேசி தன் வைஃபை இணைப்பையும் இதே வழியில் பகிரும் என்பதால் மொபைல் டேட்டாவும் செலவாகவில்லை. ஐபி முகவரி கிடைத்தது. எண் முகவரிக்கு அனுப்பிய பிங் (மறுமொழி வருகிறதா என்று பார்க்கும் சோதனை) திரும்பி வந்தது. பெயர் முகவரிக்கு அனுப்பியதும் வந்தது. எண்ணுக்கு வந்து பெயருக்கு வராமல் இருந்திருந்தால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் பக்கம் திரும்பியிருப்பேன்.

இருந்தும் மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘ஆப்ட் அப்டேட்’ தோற்றது. களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகும் நாளை எட்டவில்லை என்றது பிழைச் செய்தி. கணினியின் தேதியைப் பார்த்தேன்: பழைய ஆண்டு ஒன்றைக் காட்டியது. தாய்ப்பலகையில் நேரத்தைக் காக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்து போயிருக்கிறது. இணைப்பு வந்ததும் நேரத்தைத் திருத்தும் சேவை தானாகவே சரிசெய்துவிடும். நான்தான் அதற்குள் அவசரப்பட்டுவிட்டேன். ஒரு நிமிடம் கழித்து அதே கட்டளை எந்தக் குறையும் சொல்லாமல் ஓடியது.

அடுத்த தடை, ஓடிக்கொண்டிருந்த கர்னலுக்கான ஹெடர் பேக்கேஜ் களஞ்சியத்தில் இல்லை என்பது. காரணம் என் பழைய படிமம்தான். டெபியன் இடைக்கால வெளியீடுகளில் கர்னலை 6.1 வரிசையிலேயே புதுப்பிக்கும்போது பழைய கட்டமைப்பின் ஹெடர்கள் களஞ்சியத்திலிருந்து நீங்கிவிடுகின்றன. முழு மேம்படுத்தலைச் செய்து, கணினியை மறுபடி தொடங்கிய பிறகுதான் கர்னலும் ஹெடரும் ஒரே எண்ணுக்கு வந்தன. ஒவ்வொரு கர்னலுக்கும் டிரைவரைக் கட்டித் தரும் டிகேஎம்எஸ் என்ற கருவி அதைக் கம்பைல் செய்து முடித்தது. ஏற்றச் சொன்னால், சாவி நிராகரிக்கப்பட்டது என்றது கர்னல். நம்பகமான சாவியால் கையொப்பமிட்டவற்றை மட்டும் ஏற்ற விடும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிடுமாறு பலரும் சொல்வார்கள். நான் டிகேஎம்எஸ் உருவாக்கிய சாவியை ‘மோக்யூட்டில்’ என்ற கருவி வழியாகப் பதிவு செய்து, மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் அதை ஏற்றுக்கொண்டேன். ஐந்து நிமிட வேலை, அணைப்பதை விட மேல். வைஃபை சின்னம் வந்தது.

கணினி எதற்காக என்றால், பழைய தமிழ்ப் பத்திரிகைப் பக்கங்களை எழுத்துணரியால் வாசிக்க வைப்பதற்காக. அதற்கு டெசராக்ட், படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் மென்பொருள். டெபியன் 12இல் 5.3 பதிப்பு ஆயத்தமாகவே கிடைக்கிறது, பெரும்பாலானோருக்கு அது போதும். புதியதுதான் வேண்டும் என்ற என் பிடிவாதத்தால் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யப் போனேன்.

கம்பைலுக்கு முன் தேவைகளைச் சரிபார்க்கும் ‘கன்ஃபிகர்’ நிரல் நான்காயிரத்துச் சொச்சமாவது வரியில் லெப்டோனிகா என்ற சொல்லருகே தொடரியல் பிழை என்று சொல்லி நின்றது. படங்களைக் கையாள டெசராக்ட் பயன்படுத்தும் லெப்டோனிகா நூலகத்தில்தான் குறை என்று அதை இரண்டு முறை நீக்கி நிறுவினேன். நூலகத்தில் ஒரு குறையும் இல்லை. ‘பிகேஜி-கன்ஃபிக்’ என்ற சிறு கருவி நிறுவப்படாததால், அந்த நூலகத்தைத் தேடும் குறுநிரல் விரிவடையாமல் அப்படியே ‘கன்ஃபிகர்’ கோப்புக்குள் தங்கிவிட்டிருந்தது. கருவியை நிறுவி, ‘கன்ஃபிகர்’ கோப்பை உருவாக்கும் ‘ஆட்டோஜென்’ நிரலை மறுபடி இயக்கியதும் பிழை மாறியது: இப்போது லெப்டோனிகாவே இல்லை என்றது! ஓடும் நிரலுக்கு வேண்டிய நூலகம் ஒரு பேக்கேஜிலும், கம்பைல் செய்வதற்கு வேண்டிய ஹெடர்கள் ‘டெவ்’ என்று பெயர் முடியும் இன்னொரு பேக்கேஜிலும் இருக்கும். நான் நீக்கி நிறுவிக்கொண்டிருந்தது முதலாவதை.

பிறகு கம்பைலை நடத்தும் ‘மேக்’ கட்டளையை நான்கு இணை வேலைகளுடன் ஓடவிட்டேன். பாதியில் கம்பைலர் கொல்லப்பட்டது என்ற ஒற்றை வரி. நிரலில் தவறைத் தேடி அரை மணி நேரம் வீணானது. கர்னல் பதிவைப் பார்த்தபோதுதான், 2 ஜிபி நினைவகம் நிரம்பியதால் கர்னலே கம்பைலரை முடித்துவைத்தது தெரிந்தது. ஒரே வேலையாக ஓடவிட்டேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் முடிந்திருந்தது. நிறுவிய டெசராக்ட் தன் சொந்த நூலகக் கோப்பையே காணவில்லை என்றதற்கு நூலகங்களின் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘எல்டிகன்ஃபிக்’ ஒரு முறை போதுமானதாக இருந்தது. கடைசியாகத் தமிழுக்கான பயிற்சித் தரவுக் கோப்பைத் தனியாக இறக்கி அதற்குரிய கோப்புறையில் வைத்தேன். முதல் பக்கத்தில் ஒற்றுப் புள்ளிகள் பல உதிர்ந்திருந்தாலும் வரிகள் வாசிக்கும்படி வந்தன.

இரண்டு வாரம் கழித்து கர்னல் புதுப்பித்தல் ஒன்று வந்தது. மறுதொடக்கத்துக்குப் பின் வைஃபை சின்னம் மறுபடியும் இல்லை. நான் அன்று நிறுவியது அந்த ஒரு கர்னல் எண்ணுக்கான ஹெடர் பேக்கேஜை மட்டும். புதிய கர்னலுக்கு ஹெடர் இல்லாததால் டிகேஎம்எஸ் ஒன்றும் செய்யவில்லை. மீண்டும் கைப்பேசியைச் செருகி, இம்முறை எண் இல்லாத ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64’ பேக்கேஜை நிறுவினேன். ஒவ்வொரு கர்னலோடும் அதற்குரிய ஹெடரை இழுத்து வருவதுதான் அதன் வேலை.