எந்தக் கணக்குத் தலைப்பில்?

2025 ஜூன் 3

ஹார்வர்டு பல்கலைக்கழக வானாய்வகத்தைப் பற்றி இதுவரை நான் படித்ததெல்லாம் விண்மீன்களின் கதை. இந்த முறை அலுவலக வாசல் வழியாக உள்ளே போகிறேன். யார் சம்பளம் கொடுத்தார்கள், எந்த நிதியிலிருந்து கொடுத்தார்கள், நியமன ஆணையில் என்ன பதவிப் பெயர் போட்டார்கள்? பதினெட்டு வருடமாக ஒரு பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவில் சம்பளப் பட்டியல் போடுகிறவளுக்கு இந்தக் கேள்விகள்தான் முதலில் வருகின்றன. படிக்கப் படிக்க இங்கே குறித்து வைக்கிறேன்.

முதல் பக்கத்திலேயே மனதில் தைத்த விஷயம்: முதல் ஊழியருக்குச் சம்பளமே இல்லை.

வில்லியம் கிராஞ்ச் பாண்ட் கடிகாரம் செய்கிறவர். 1815-ல் அவர் இங்கிலாந்து போனபோது, அங்குள்ள வானாய்வகங்களைப் பார்த்து விவரம் கொண்டுவரும்படி ஹார்வர்டு கேட்டுக்கொண்டது. விவரம் வந்தது, பணம் வரவில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக எதுவும் நடக்கவில்லை. அதற்குள் பாண்ட் தன் வீட்டுக் கூடத்தின் கூரையில் திறப்பு வைத்து, நடுவில் கருங்கல் தூண் நட்டு, சொந்தமாக வானம் பார்த்துக்கொண்டிருந்தார். 1839-ல் பல்கலைக்கழகம் அவரை அழைத்து ‘பல்கலைக்கழக வானியல் பார்வையாளர்’ என்று பதவி கொடுத்தது. பதவி மட்டும்தான், ஊதியம் கிடையாது. கருவிகளையும் அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

2025 ஜூன் 5

1843 மார்ச் மாதம் வானில் ஒரு பெரிய வால்மீன். பாஸ்டன் நகரமே அண்ணாந்து பார்த்தது. இது என்ன, எங்கே போகிறது என்று கேட்டால், சரியாக அளந்து சொல்லக்கூடிய கருவி ஹார்வர்டில் இல்லை. நகரத்து வணிகர்களுக்கு அது பொறுக்கவில்லை. சந்தா திரட்டினார்கள். டேவிட் சியர்ஸ் என்பவர் கோபுரம் கட்ட 5,000 டாலர் கொடுத்தார். அந்தக் கோபுரத்துக்கு அவர் பெயர்தான். ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் சொல்லிச் செய்த 15 அங்குலத் தொலைநோக்கி 1847-ல் வந்து நின்றது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருடம் அமெரிக்காவில் அதைவிடப் பெரியது இல்லை.

தொலைநோக்கி வந்துவிட்டது. அதன் பின்னால் உட்காருகிறவருக்கு? இதைக் கேட்டுப் பார்க்காமல் எத்தனை நிறுவனங்கள் கட்டடம் கட்டியிருக்கின்றன! கருவிக்குப் பணம் கொடுக்க ஆள் கிடைப்பார்கள், மாதாமாதம் ஒருவருக்குப் படியளக்க யாரும் முன்வர மாட்டார்கள். ஹார்வர்டில் அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது ஓர் இளைஞனின் மரணம். எட்வர்டு பிராம்ஃபீல்டு பிலிப்ஸ், பாண்டின் மகன் ஜார்ஜின் நண்பன். 1848-ல் இறந்தபோது 1,00,000 டாலரை வானாய்வகத்துக்கு எழுதி வைத்திருந்தான். அதன் வருமானம் வந்த பிறகுதான் ஆட்களின் சம்பளத்துக்கு நிலையான ஒரு வழி பிறந்தது.

அந்தக் கருவியில்தான் 1850 ஜூலையில் வேகா விண்மீனைப் படம் எடுத்தார்கள். சூரியனைத் தவிர வேறொரு விண்மீன் புகைப்படத் தகட்டில் விழுந்தது அதுவே முதல் முறை.

2025 ஜூன் 9

இன்று அதிகம் படிக்கவில்லை. இயக்குநர்கள் வரிசை மட்டும்: தந்தை பாண்ட் 1859 வரை. மகன் ஜார்ஜ் பாண்ட் 1865-ல் காசநோயால் இறந்தார். அடுத்து ஜோசப் வின்லாக், 1875-ல் திடீர் மரணம். மூன்று பேருமே பதவியிலேயே இறந்திருக்கிறார்கள். 1877-ல் முப்பது வயது எட்வர்டு பிக்கரிங் வருகிறார். இயற்பியல்காரர். அப்புறம் நாற்பத்திரண்டு வருடம் அந்த நாற்காலி அவருடையது.

2025 ஜூன் 14

பிக்கரிங்கைப் பற்றி எழுத வேண்டும் என்று நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் பொறுப்பேற்றபோது கையில் இருந்த நிதி அன்றாடச் செலவுக்கே போதவில்லை. முதல் வேலையாக, வருடம் 5,000 டாலர் வீதம் ஐந்து வருடத்துக்குச் சந்தா பிடித்தார். அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் கடிதம் எழுதினார். செல்வந்தர்களுக்கு, விதவைகளுக்கு, உயில் நிறைவேற்றுகிறவர்களுக்கு. தன் சொந்தப் பணத்தையும் போட்டார். அவருடைய ஆண்டறிக்கைகள் எனக்கு ஒரு நல்ல கணக்காளரின் பேரேடு போலத்தான் தெரிகின்றன. இந்த நிதியில் இந்த வேலை நடந்தது, இதற்கு இவ்வளவு தேவைப்படுகிறது, முடிந்தது.

ஒவ்வொரு நன்கொடைக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. அந்த நிபந்தனைதான் அங்கே என்ன ஆராய்ச்சி நடக்கும் என்பதை முடிவு செய்தது. ஹென்றி டிரேப்பர் என்ற மருத்துவர் விண்மீன்களின் நிறமாலையை, அதாவது அவற்றின் ஒளி நிறம் நிறமாகப் பிரிந்து விழும் பட்டையை, படமெடுத்துக்கொண்டிருந்தவர். 1882-ல் இறந்துபோனார். அவர் மனைவி ஆனா, கணவர் விட்ட வேலை தொடர வேண்டும் என்று 1886 முதல் ஹார்வர்டுக்குப் பணம் கொடுத்தார். அதை நிறமாலை வேலைக்குத்தான் செலவழிக்க வேண்டும். ஹார்வர்டு உலகத்துக்குக் கொடுத்த O, B, A, F, G, K, M என்ற விண்மீன் வகைப்பாடு பிறந்தது அந்தக் கணக்கிலிருந்துதான். வரவு ஏட்டில் வேறு பெயர் இருந்திருந்தால் வேறு வானியல் வந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

யூரியா பாய்டன் என்ற பொறியாளரின் உயில் இன்னொரு விதம். காற்று மண்டலத்தின் தொல்லை குறைந்த உயரமான இடத்தில் வானாய்வகம் வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. சுமார் 2,30,000 டாலர். 1887-ல் ஹார்வர்டுக்குக் கிடைத்தது. அந்தப் பணம்தான் அவர்களைப் பெரு நாட்டின் அரெக்கிபா வரை, 2,400 மீட்டருக்கு மேலான உயரத்துக்குக் கொண்டுபோனது. தென்வானம் முழுக்க அங்கிருந்து படமாக வந்தது. பிக்கரிங்கின் தம்பி வில்லியம்தான் 1891-ல் அங்கே பொறுப்பாளராகப் போனவர். வீடும் வசதியுமாகக் கட்டி, ஒதுக்கியதைவிட மிக அதிகமாகச் செலவு செய்துவிட்டார். 1893-ல் அண்ணன் அவரை எடுத்துவிட்டு சோலன் பெய்லியை அனுப்பினார். சொந்தத் தம்பியின் செலவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முடிவை எடுத்த மனிதர் மேல் மரியாதை கூடுகிறது.

கேத்தரின் புரூஸ் என்ற பெண்மணி 24 அங்குலத் தொலைநோக்கிக்காக 50,000 டாலர் கொடுத்தார். அதுவும் பிறகு அரெக்கிபா போய்ச் சேர்ந்தது. மிஸ் புரூஸ், மிஸஸ் டிரேப்பர் என்று பெண்கள் பெயர் நன்கொடைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் வருகிறது. சம்பளப் பக்கத்தில் பெண்கள் எப்படி வருகிறார்கள் என்று அடுத்து பார்க்க வேண்டும்.

2025 ஜூன் 21

மணிக்கு 25 சென்ட். வாரம் ஆறு நாள்.

கணிப்பாளர்கள் என்று அவர்களுக்குப் பெயர். கண்ணாடித் தகடுகளில் விழுந்த விண்மீன்களை உருப்பெருக்கியில் பார்த்து அளந்து, வகை பிரித்து, எண்களைப் பேரேட்டில் ஏற்றியவர்கள். பிக்கரிங்கின் கணக்கு எளிமையானது: ஓர் ஆண் உதவியாளருக்கு ஆகிற பணத்தில் இரண்டு பெண்களை வைக்கலாம். கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் நினைக்கவில்லை. வேறு எந்த வானாய்வகமும் பெண்களுக்கு இவ்வளவு வேலை தராத காலம் அது. ஆனாலும் கணக்கு கணக்குதான்.

வில்லியமினா ஃப்ளெமிங் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர். கணவர் கைவிட்ட நிலையில் பிக்கரிங் வீட்டில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். 1881-ல் வானாய்வகத்தில் நிரந்தர ஊழியர். 1890-ல் வெளியான நிறமாலைப் பட்டியலில் 10,000-க்கு மேற்பட்ட விண்மீன்களை வகைப்படுத்தியதில் பெரும் பங்கு அவருடையது. 1899-ல் அவரை ‘வானியல் புகைப்படங்களின் காப்பாளர்’ என்று ஹார்வர்டின் ஆட்சிக்குழுவே நியமித்தது. ஒரு பெண்ணுக்கு ஆட்சிக்குழு அப்படிப் பதவி கொடுத்தது அதுவே முதல் முறை.

அடுத்த வருடம், ஹார்வர்டு வாழ்க்கையைப் பிற்காலத்தவருக்காகப் பெட்டியில் வைத்து மூடுவதற்கு ஊழியர்களிடம் நாட்குறிப்பு கேட்டார்கள். ஃப்ளெமிங்கும் எழுதிக் கொடுத்தார். அதை நேற்று இரவு படித்தேன். பாதிக்கு மேல் அச்சுப்படி திருத்துவதும், கடிதம் எழுதுவதும், மற்றவர்கள் வேலையைச் சரிபார்ப்பதும்தான். விண்மீன் பார்க்க நேரமே கிடைக்கவில்லை என்ற ஏக்கம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. நடுவில் சம்பளப் பேச்சு வருகிறது. இயக்குநரிடம் கேட்டால், பெண்களின் சம்பளத்தில் உனக்குக் கிடைப்பது மிக நல்ல சம்பளம் என்று சொல்லிவிடுகிறாராம். ஃப்ளெமிங்குக்கு வருடம் 1,500 டாலர். ஆண் உதவியாளர்கள் சிலருக்கு 2,500. என் இடத்தில் ஓர் ஆணை உட்கார வைத்துப் பார்த்தால்தான் இந்த 1,500-க்கு என்ன கிடைக்கிறது என்று அவருக்குப் புரியும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார்.

விளக்கை அணைக்காமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் ஏழு வருடம் தொகுப்பூதியம். கணக்காளர் செய்ய வேண்டிய ஆண்டுக் கணக்கு முழுவதையும் நான்தான் முடித்துக் கொடுப்பேன். பதிவேட்டில் நான் ‘தற்காலிக உதவியாளர்’. என் சம்பளம் சில்லறைச் செலவு என்ற தலைப்பில் போகும். அந்தப் பற்றுச்சீட்டையும் நான்தான் எழுத வேண்டும். தாளும் மையும் வாங்கிய வரிக்குக் கீழே என் பெயரை என் கையாலேயே எழுதுவேன்.

2025 ஜூன் 22

ஃப்ளெமிங் 1911-ல் இறந்தார். அந்த இடத்துக்கு இன்னொரு கணிப்பாளரான ஆனி ஜம்ப் கேனன் வர வேண்டும் என்று, ஹார்வர்டின் தலைவர் லோவலுக்கு பிக்கரிங் எழுதினார். ஃப்ளெமிங்கின் நியமனமே முறைக்குக் கொஞ்சம் மாறானது, அதை வழக்கமாக்க வேண்டாம் என்று லோவல் பதில் சொல்லிவிட்டார். அதே வருடம் வானாய்வகத்தைப் பார்வையிட்ட குழுவும் ஓர் அறிக்கை கொடுத்தது. இந்தத் துறையில் இன்று இருப்பவர்களிலேயே மிகப் பெரிய வல்லுநர் கேனன், அப்படியிருந்தும் பல்கலைக்கழகத்தில் இவருக்கு எந்த அதிகாரபூர்வப் பதவியும் இல்லை, இது முறைக்கு மாறானது என்று அது சொன்னது.

ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே சொல். ஒருவருக்குப் பதவி கொடுத்தது முரண். மற்றவர்களுக்குக் கொடுக்காதது முரண். கோப்புகளோடு வாழ்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பழக்கமான காட்சி!

கேனன் வேலையை நிறுத்தவில்லை. 1918 முதல் 1924 வரை ஒன்பது தொகுதிகளாக வெளிவந்த ஹென்றி டிரேப்பர் பட்டியலில் 2,25,300 விண்மீன்கள். எல்லாம் அவர் கண்ணால் பார்த்து வகைப்படுத்தியவை. 1925-ல் ஆக்ஸ்ஃபோர்டு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஹார்வர்டு அவருக்கு முறையான நியமனம் கொடுத்தது 1938-ல். அப்போது வயது 74. ‘வில்லியம் கிராஞ்ச் பாண்ட் வானியலாளர்’ என்பது பதவிப் பெயர். சம்பளமில்லாமல் தொடங்கிய அந்தக் கடிகாரக்காரரின் பெயர்!

2025 ஜூலை 2

பிக்கரிங் 1919-ல் மறைந்தார். பெய்லி தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டார். 1921-ல் ஹார்லோ ஷாப்லி.

செசிலியா பெய்ன் என்ற வானியல் மாணவி 1923-ல் இங்கிலாந்திலிருந்து வந்து, 1925-ல் ஹார்வர்டை ஒட்டிய பெண்கள் கல்லூரியான ராட்கிளிஃப் வழியாக டாக்டர் பட்டம் பெற்றார். விண்மீன்களில் ஹைட்ரஜன்தான் மிக அதிகம் என்பதற்கான சான்று அந்த ஆய்வேட்டில் இருந்தது. ஷாப்லி அவரைத் தக்கவைத்துக்கொண்டார். ஆனால் தான் இருக்கும்வரை பெண்ணுக்கு நியமனம் கிடையாது என்று லோவல் சொல்லியிருந்தார். சரி, சம்பளம் எப்படிப் போனது? கருவிகள் என்ற தலைப்பில்! இதைப் பெய்னே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அவர் வகுப்பு எடுத்தார், மாணவர்கள் படித்தார்கள், 1945 வரை அந்தப் பாடங்கள் பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலில் வரவில்லை.

கருவிகள் என்ற அந்தச் சொல்லைப் படித்ததும் அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண்ணிடம் காட்டினேன். “அக்கா, தணிக்கையில் யாரும் கேட்கவில்லையா?” என்றாள். மொத்தத் தொகை சரியாக இருந்தால் தணிக்கை கேட்காதும்மா என்றேன்.

1956-ல் பெய்ன் முழுப் பேராசிரியர், அதே வருடம் துறைத் தலைவர்.

2025 ஜூலை 6

ஷாப்லி 1952-ல் ஓய்வு. அடுத்து டொனால்டு மென்செல். பணத்தட்டுப்பாடு. இரவுதோறும் வானத்தைப் படமெடுக்கும் வேலையை 1953-ல் நிறுத்தினார். 1885 வாக்கில் தொடங்கி ஓடிக்கொண்டிருந்த தொடர் அது. 1960களின் பிற்பகுதியில்தான் மறுபடி தொடங்கியது. இன்றும் வானியலாளர்கள் அந்த இடைவெளியை மென்செல் பெயரால்தான் சொல்கிறார்கள். பிற்காலத்தில் பழைய விண்மீன் ஒன்றின் ஒளி எப்படி மாறியது என்று தேடினால், அந்த வருடங்களில் மட்டும் ஹார்வர்டிடம் பதில் இல்லை. அவர் மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை. குறைக்கச் சொன்னால் எதிலாவது குறைக்கத்தான் வேண்டும். தொடர் வேலையை வெட்டினால் அந்த வருடமே யாருக்கும் வலிக்காது, அதனால் அதில்தான் கத்தி விழுகிறது.

மற்றவை சுருக்கமாக. 1955-ல் அமெரிக்க அரசு சார்ந்த ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வானியற்பியல் ஆய்வகம் வாஷிங்டனிலிருந்து ஹார்வர்டு வளாகத்துக்கு வந்தது. 1973-ல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே இயக்குநர், கூட்டு மையம். ஒரே கட்டடத்தில் ஒருவர் பல்கலைக்கழக ஊழியர், பக்கத்து அறைக்காரர் ஸ்மித்சோனியன் ஊழியர். அந்தச் சம்பளப் பிரிவை ஒரு நாள் பார்க்க ஆசை.

2025 ஜூலை 9

தகடுகளோடு முடிக்கிறேன். ஐந்து லட்சத்துக்கும் மேல். 2016 ஜனவரியில் குடிநீர்க் குழாய் உடைந்து கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து, சுமார் 61,000 தகடுகள் நனைந்தன. அவற்றை மீட்டுச் சுத்தம் செய்யப் பாடுபட்டார்கள்.

எல்லாத் தகடுகளையும் கணினிக்கு ஏற்ற ஒரு பெரிய திட்டம் நடந்தது. அதற்காகக் கண்ணாடியின் மேல் இருந்த மைக் குறிகளைத் துடைக்க வேண்டியிருந்தது. அம்புக்குறி, வட்டம், எண், சின்ன எழுத்துகள். ஃப்ளெமிங், கேனன், இன்னொரு கணிப்பாளரான ஹென்ரியட்டா லீவிட் போன்றவர்களும் பெயர் தெரியாத மற்றப் பெண்களும் விண்மீனுக்குப் பக்கத்தில் தங்கள் கையால் போட்டவை. மை இருந்தால் அதன் கீழே இருக்கிற விண்மீனை அளக்க முடியாது. துடைப்பதற்கு முன் குறிகளோடு ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் துடைத்தார்கள். சில நூறு தகடுகளை மட்டும் துடைக்காமல் அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தொகுப்புக்கு வில்லியமினா ஃப்ளெமிங்கின் பெயர்.

மை இருக்கும் ஒரு தகட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிறிய வட்டம் ஒன்று, பக்கத்தில் ஓர் எண். கை நடுங்காமல் போட்ட வட்டம்.