கப்பலின் பெயரால் அறியப்பட்டவர்

கொக்குவிலில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் வம்சாவளியில் பேத்தியின் பெயரை எழுதியபோது, தாய்வழியில் ஆறு தலைமுறைகள் நிரம்பியிருக்க, தந்தைவழி வெறுமையாகக் கிடந்தது. அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவிலுள்ள ஹோபார்ட்டில் பிறந்து வளர்ந்த மருமகனிடம் விசாரித்தேன். பூட்டனுக்கும் முந்திய ஒருவர் இங்கிலாந்திலிருந்து கைதியாகக் கொண்டுவரப்பட்டவர் என்றும், தம் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பற்றி வாய் திறந்ததேயில்லை என்றும் அவர் சொன்னார். அங்கு பல குடும்பங்கள் இதை ஒரு கறையாக எண்ணி நெடுங்காலம் மறைத்து வந்துள்ளன. என் பேத்தியின் உடலில் ஓடும் இரத்தத்தில் ஒரு பங்கு அவருடையது என்பதால், அவரைத் தேடுவது என் கடமையும் ஆயிற்று.

1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 162,000 பேர் பிரித்தானியாவிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். அவர்களுள் 70,000இற்கும் மேற்பட்டோர் இறங்கிய தீவு, பின்னர் 1856இல் தஸ்மேனியா எனப் பெயர் மாற்றப்பட்ட வான் டீமன்ஸ் லாண்ட் ஆகும். அக்கைதிகளின் பதிவேடுகள் இன்று இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன; 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் அவுஸ்திரேலியக் கைதிகளின் ஆவணங்கள் சேர்க்கப்பட்டன. ஒரே பெயரில் பலர் வந்திருந்தமையால், ஒவ்வொருவரும் தாம் வந்த கப்பலின் பெயரோடு சேர்த்தே குறிக்கப்பட்டனர். நாம் ஒருவரை ஊரும் வளவும் சொல்லி அடையாளம் காண்பதைப் போன்றதுதான் இது. கப்பலின் பெயர் தெரிந்த பின்னரே எங்கள் மனிதரை என்னால் பிரித்தறிய முடிந்தது.

அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. துணி களவாடியதற்கு ஏழு ஆண்டுத் தண்டனை. உயரம், கண்ணின் நிறம், நெற்றித் தழும்பு ஆகியவற்றோடு, இடது முன்கையில் பச்சை குத்தப்பட்டிருந்த இரண்டு எழுத்துகளையும் எழுதுவினைஞர் விடாமல் குறித்திருக்கிறார். தப்பியோடினால் பிடிப்பதற்காகவே இவ்வளவு நுணுக்கமாக எழுதினார்கள் என்பதை நான் அறிவேன். ஆயினும் அந்த வரியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த எழுத்துகள் அவருடைய பெயருக்கு உரியவை அல்ல. தாயின் பெயராக இருக்குமென்றே என் மனம் சொல்கிறது.

வந்திறங்கிய கைதியிடம் அவர் செய்த குற்றம் என்னவென்று கேட்டு, அவர் சொன்னதையும் நடத்தைப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் அங்கு இருந்தது. அவருடைய சொந்தக் குரலுக்கு மிக அருகில் வரும் இடம் அந்த ஒற்றை வரிதான். அதன் கீழே குடிபோதை, அனுமதியின்றி வெளியே சென்றமை, அதற்கான தனிச்சிறை என்று தண்டித்தவர்களின் கையெழுத்தே பக்கத்தை நிரப்புகிறது.

எங்கள் முன்னோரைப் பற்றி, இறந்தவர் நினைவாக அச்சிடப்படும் அந்தியேட்டிக் கல்வெட்டு நூல்களில் நான் படித்தவை எல்லாம் அன்பு கொண்டவர்கள் எழுதியவை. அவற்றில் குறை என்று ஒரு சொல்லும் இராது, கண்ணின் நிறமும் இராது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சாம்பலான ஏடுகளை எண்ணும்போது, ஒரு ஏழை இளைஞனின் தழும்புகூட இத்தனை ஆண்டுகள் காகிதத்தில் தங்கியிருப்பதைக் காண நெஞ்சு அடைக்கிறது.

கைதியொருவர் மணம் முடிக்கவும் அரசின் அனுமதி வேண்டியிருந்தது. அந்த விண்ணப்பப் பதிவின் வழியாகவே பேத்தியின் மூதாட்டி ஒருத்தியையும் கண்டுகொண்டேன். தண்டனை முடிந்தவர் விரும்பினால் ஊர் திரும்பலாம். ஆனால் கப்பற் கட்டணத்தைத் தாமே தேட வேண்டும். பெரும்பாலானோரைப் போல அவரும் திரும்பவில்லை.

மருமகனின் சம்மதத்தோடு எங்கள் மனிதரின் பெயரை வம்சாவளியில் எழுதினேன். பக்கத்தில் கப்பலின் பெயரையும், அதற்கு மேலே, தாய்க்குரிய வெற்றுக் கட்டத்தில், பென்சிலால் அந்த இரண்டு எழுத்துகளையும் எழுதி வைத்திருக்கிறேன்.